பார்னவார்ன் கடிதம் வந்திருக்கிறது, லண்டனுக்குப் போய்விடலாமா?

நோர்வேயின் மேற்குக் கரை நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். உடனே சொல்ல வேண்டியவற்றை அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், அவரது சம்மதத்தோடு, ஊர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றி இங்கே தருகிறேன்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து கணவரிடம் வந்து சேர்ந்தவர். கூட வந்த மகன் இப்போது மூன்றாம் வகுப்பு. இங்கே பிறந்த மகளுக்கு ஒரு வயது. வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று ஒரு நாள் மகனுக்கு அகப்பைக்காம்பால் இரண்டு அடி போட்டிருக்கிறார். அதற்கு முன்பும் சில தடவை அடித்ததுண்டாம். மறுநாள் உடற்பயிற்சிக்கு உடை மாற்றும்போது கெண்டைக்காலில் இருந்த தடத்தை ஆசிரியை பார்த்துக் கேட்க, பிள்ளை நடந்ததைச் சொல்லிவிட்டான். பத்து நாட்களில், பிள்ளைகள் பாதுகாப்புச் சேவையான பார்னவார்னிலிருந்து கடிதம்: அடுத்த புதன்கிழமை பெற்றோர் இருவரும் பேச வரவும்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கணவர், போகவே வேண்டாம், பள்ளி விடுமுறையோடு பிள்ளைகளை லண்டனில் மச்சாள் வீட்டில் விட்டுவிடலாம் என்கிறார். மாமி, "பிள்ளை பொய் சொன்னான் எண்டு சொல்லு" என்கிறார். ஒரு உறவினர் மன்னருக்கு மனு எழுதச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில், இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. "மனித உரிமைக்குப் பேர் போன நாடு என்கிறார்கள், தாய்க்கு ஒரு உரிமையும் இல்லையா? அல்லது அது வெள்ளைக்காரருக்கு மட்டுமா?" என்று அந்தத் தாய் கேட்கிறார். அவர் எனக்கு எழுதிய கடிதத்தின் அடியில் வேறொரு வரியும் இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சகோதரி, முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. "விசாரணைக்கு வா" என்று அரசாங்கக் கடிதம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். விசாரணைக்குப் போனவர் திரும்பி வராத ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். உங்கள் கணவர் "போகாதே" என்பதிலும் அந்தப் பழைய அனுபவம் இருக்கிறது. ஆனால் இங்கே போகாமல் இருப்பவருக்குத்தான் ஆபத்து கூட. கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு அடி குற்றமா?

ஆம். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. பெற்றோர் பிள்ளையை "அளவாக" அடிக்கலாம் என்ற விதிவிலக்கை நோர்வே 1972இல் எடுத்துவிட்டது. 1987இல் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகள் சட்டத்தில் நேரடியாகவே எழுதியது. 2005இல் உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பில், லேசாகத் தட்டுவது தண்டனைக்குரியதாக இல்லாமல் இருக்கலாம் என்ற தொனி வந்தது. அந்த ஓட்டையையும் 2010இல் அடைத்துவிட்டார்கள். இப்போது லேசான அடி, மிரட்டல், பயமுறுத்தல் எல்லாம் தடைக்குள் வரும். இது எங்களுக்காக எழுதிய சட்டமல்ல. இங்கத்தைய தாத்தாமாரும் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான்.

ஒரு தடவை அடிப்பதற்கும் திரும்பத் திரும்ப அடிப்பதற்கும் தண்டனைச் சட்டத்தில் வெவ்வேறு பிரிவுகள் உண்டு. இரண்டாவது மிகப் பாரதூரமானது. நீங்கள் "சில தடவை" என்று எழுதியிருப்பதால்தான் வாய் திறப்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள் என்கிறேன். பார்னவார்னிடம் நீங்கள் சொல்வது பொலிஸின் கைக்கும் போகலாம். பொலிஸ் உங்களைச் சந்தேகநபராக விசாரித்தால் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பாரதூரமாகத் தெரியும் வழக்குகளில் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லாமலே பிள்ளையைச் "சிறுவர் இல்லம்" எனப்படும் விசேட நிலையத்துக்கு அழைத்துப்போய், பயிற்சி பெற்ற ஒருவர் காணொளிப் பதிவோடு வாக்குமூலம் எடுப்பார். உங்களுக்குக் கடிதம் போட்டு அழைத்திருப்பதைப் பார்த்தால் இன்னும் அந்த வழிக்குப் போகவில்லை என்றே தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆசிரியையில் கோபப்படுகிறீர்கள். "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்று. அடித்ததற்கான தடத்தைக் கண்டும் அறிவிக்காமல் விட்டால் அவர் சட்டத்தை மீறியவர் ஆவார். அவர்மேல் இருக்கும் கோபத்தைப் பிள்ளைக்கு முன்னால் காட்டாதீர்கள், அவன் நாளைக்கும் அந்த வகுப்புக்குத்தான் போக வேண்டும். அவனிடம் "சும்மா சொன்னேன் எண்டு சொல்லு" என்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே போய்ச் சொல்லிவிடுவார்கள்: "அம்மா இப்படிச் சொல்லச் சொன்னவ" என்று. அடித்ததைவிட அது உங்கள் கோப்பில் மோசமாகத் தெரியும்.

லண்டன் யோசனை

வேண்டாம். பிள்ளையை வீட்டிலிருந்து அகற்றக் கேட்டு, இப்படியான வழக்குகளைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயத்துக்கு பார்னவார்ன் விண்ணப்பம் அனுப்பிவிட்டால், அல்லது அவசர உத்தரவு போட்டுவிட்டால், அதற்குப் பிறகு பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். உங்கள் வழக்கு இன்னும் அங்கே வரவில்லை, எனவே சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை என்று உங்கள் கணவர் வாதாடலாம். ஏட்டளவில் சரி. ஆனால் விசாரணை தொடங்கிய பிறகு பயணச்சீட்டு வாங்கினால் "பிள்ளை கைநழுவிப் போகிறது" என்று எண்ணுவார்கள். சாதாரண விசாரணை அவசர உத்தரவாக மாறுவதற்கு அதைவிடக் காரணம் தேவையில்லை. பிள்ளைகள் பாதுகாப்புக்கான 1996ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தில் நோர்வேயும் பிரித்தானியாவும் இருக்கின்றன. இரு நாட்டு அதிகாரிகளும் பேசிக்கொள்வார்கள். மச்சாள் வீட்டுக் கதவையும் ஒருவர் வந்து தட்டுவார்.

இரவோடு இரவாகத் தூக்குவார்களா?

அவசர உத்தரவு என்று ஒன்று உண்டு. பிள்ளைக்கு உடனடியான, கடுமையான ஆபத்து இருந்தால் அன்றைக்கே அகற்றலாம். நீங்கள் அதை எதிர்த்து முறையிட்டால் தீர்ப்பாயம் ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வழக்கமான பாதை இதைவிட மெதுவானது: அறிவித்தல் வந்து ஒரு வாரத்துக்குள் அதைப் பரிசீலிப்பார்கள், விசாரணை தொடங்கினால் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், விசேட காரணம் இருந்தால் ஆறு. பெரும்பாலான குடும்பங்களில் இது வீட்டுக்குள் செய்யும் உதவியோடு நின்றுவிடும்: பெற்றோருக்கான வகுப்பு, வீட்டுக்கு வந்து பேசும் ஆலோசகர், பிள்ளைக்கு ஓய்வுநேர ஏற்பாடு. பராமரிப்பை எடுப்பதென்றால் கடுமையான புறக்கணிப்போ வன்முறையோ இருக்க வேண்டும், உதவி கொடுத்தும் சரிவராது என்றும் காட்ட வேண்டும். அதைத் தீர்மானிப்பதும் உங்களைச் சந்திக்கும் அலுவலர் அல்ல. சட்டம் படித்த தலைவர், துறை நிபுணர், பொதுமக்களில் ஒருவர் என அமரும் தீர்ப்பாயம். அங்கே வழக்குப் போனால் உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் உங்கள் சட்டத்தரணிக்கு அரசே பணம் கொடுக்கும். தீர்ப்பு எதிராக வந்தால் ஒரு மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்.

கையால் சோறு ஊட்டியதற்கும் கூடப் படுக்கவைத்ததற்கும் பிள்ளைகளை எடுத்தார்கள் என்று அந்தக் குரல்பதிவு சொல்கிறதாம். 2011இல் ஸ்தவாங்கரில் ஓர் இந்தியத் தம்பதியின் இரு பிள்ளைகளை எடுத்து, அது டெல்லிவரை போய், 2012இல் தந்தையின் சகோதரரிடம் ஒப்படைத்த வழக்கின் நிழல் அது. பார்னவார்ன் வழக்கில் அதிகாரிகள் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள், அதனால் வெளியே கேட்பது ஒரு பக்கக் கதையாகவே இருக்கும். கையால் ஊட்டுவது பராமரிப்பை எடுப்பதற்கான காரணமாகச் சட்டத்தில் எங்கும் இல்லை. பிள்ளையின் மொழி, மதம், பண்பாட்டுப் பின்னணியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் சொல்கிறது. நடைமுறையில் எல்லா அலுவலரும் அப்படி நடக்கிறார்களா என்றால், இல்லை. மௌனமாக இருக்கும் பிள்ளையை "ஒட்டுதல் இல்லை" என்றும், கண்ணைப் பார்த்துப் பேசாத தாயை "எதையோ மறைக்கிறார்" என்றும் எழுதிய அறிக்கைகளை நான் வாசித்திருக்கிறேன்.

தாய்க்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. நோர்வே அதை மதிக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே, அந்த நீதிமன்றம் எப்படி என்று உங்கள் கணவர் கேட்டிருந்தார். ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் ஒன்றியத்துக்கு உரியதல்ல, ஐரோப்பிய அவைக்கு உரியது. 1949இல் அந்த அவையைத் தொடங்கிய நாடுகளில் நோர்வேயும் ஒன்று. 1999ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டப்படி, ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயம் நோர்வேயின் சாதாரண சட்டங்களுக்கும் மேலே நிற்கும். 2014இல் அரசியலமைப்பிலேயே குடும்ப வாழ்வுக்கான உரிமையையும், பக்கத்திலேயே பிள்ளைகளுக்கான உரிமையையும் எழுதிவைத்தார்கள்.

2019 செப்டெம்பர் 10இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பதினேழு நீதிபதிகள் இருந்த பேராயம் 13க்கு 4 என்ற கணக்கில் நோர்வேக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கின் தாய் வெள்ளைக்கார நோர்வேக்காரி. பிறந்து சில வாரங்களில் எடுத்த பிள்ளையை அவர் பார்ப்பதற்கு மிகக் கொஞ்ச நேரமே கொடுத்து, அந்தக் கொஞ்சத்தை வைத்தே அவரை மதிப்பிட்டு, புதிய நிபுணர் அறிக்கைகூட எடுக்காமல் தத்துக்கொடுத்துவிட்டார்கள். 2021 டிசெம்பர் 10இல் இன்னொன்று. சோமாலிய முஸ்லிம் தாயின் மகனைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்த்து, பிறகு அவர்களுக்கே தத்துக்கொடுத்தார்கள். மதத்தையும் பண்பாட்டையும் போதிய அளவு மதிக்கவில்லை என்று பேராயம் ஒருமனதாகச் சொன்னது. இதற்கிடையில் 2020 மார்ச்சில் நோர்வே உயர் நீதிமன்றமும் வழிக்கு வந்தது: பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பதே குறி, சந்திப்பு நேரத்தை ஒரே அளவாக எல்லோருக்கும் வெட்டக் கூடாது என்று.

உறவினர்கள் இந்தத் தீர்ப்புகளைத் தலைப்போடு அனுப்பி "பார், நாங்கள் வெல்லலாம்" என்கிறார்களாம். உள்ளே படித்தால் வேறு. பிள்ளையை எடுத்த பிறகு குடும்பத்தை ஒட்டவைக்க முயலவில்லை என்பதில்தான் நோர்வே தோற்றது. அடிப்பது பெற்றோரின் உரிமை என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அங்கே போகவும் உள்நாட்டு நீதிமன்றங்கள் எல்லாம் முடிந்து, கடைசித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும், பிள்ளை வளர்ந்துவிடும். மேலே சொன்ன இரு தாய்மாரும் வென்றார்கள், பிள்ளைகளோ தத்துக் குடும்பங்களில். உங்கள் உரிமையை புதன்கிழமைச் சந்திப்பிலேயே பயன்படுத்துங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மன்னருக்கு மனு என்ற யோசனையை ஒரே பந்தியில் முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமைகளில் அரண்மனையில் மன்னர் ஹரால்ட் தலைமையில் அமைச்சரவை கூடும், தீர்மானங்களில் அவர் ஒப்பமிடுவார். தீர்மானிப்பது அரசாங்கம். பிள்ளைகள் வழக்கில் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பார்னவார்ன் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி முறையிட வேண்டுமானால் உங்கள் மாகாணத்தின் அரச ஆளுநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அது கட்டணம் இல்லாதது.

புதன்கிழமைக்கு

இப்போதே அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: வருகிறேன், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை, சட்டத்தரணியோடு பேச ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று. எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் வரும். மறுத்தால் அன்றைக்கே போங்கள்.

மொழிபெயர்க்கக் கணவரின் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக எழுதியிருந்தீர்கள். அவளுக்குப் பதினாறு வயது. 2022 ஜனவரியில் வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், பிள்ளைகளை இப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து பணம் கொடுப்பது பார்னவார்னின் கடமை. சின்ன ஊரில் மொழிபெயர்ப்பாளர் தமிழ்ப் பள்ளியில் உங்களுக்கு அடுத்த கதிரையில் இருப்பவராகவும் இருக்கக்கூடும். அப்படியானால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியாக ஒருவர் வேண்டும் என்று. இரகசியம் காப்பது அவர்களின் சட்டக் கடமைதான். ஆனாலும் தெரிந்த முகத்துக்கு முன்னால் ஒரு தாய் எவ்வளவு பேசுவாள்?

விசாரணைக் கட்டத்தில் இலவசச் சட்டத்தரணி தானாகக் கிடைக்க மாட்டார். ஒஸ்லோவில் ஜூர்க் என்ற அமைப்பு பெண்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறது, வெளியூரிலிருந்தும் தொலைபேசியில் பேசலாம். சந்திப்பில் பொய் சொல்லாதீர்கள். எவ்வளவு சொல்வது, எந்த ஒழுங்கில் சொல்வது என்பதைச் சட்டத்தரணியோடு பேசி முடிவெடுங்கள். பிள்ளையை வளர்க்கும் வேறு வழிகளைக் கற்க விரும்புகிறேன் என்று நீங்களாகவே சொன்னால் அது கோப்பில் ஏறும். பல நகரசபைகளில் ஐ.சி.டி.பி. என்ற பெற்றோர் வகுப்பு இலவசம். அவர்கள் வீட்டைப் பார்க்க வந்தால் தடுக்க முடியாது, பாடசாலையில் பிள்ளையோடு தனியே பேசவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பேசி முடிந்ததும் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் "சில தடவை" என்றதை "அடிக்கடி" என்று எழுதியிருந்தால் அந்த வாரமே எழுத்தில் திருத்தம் கேளுங்கள். பல மாதங்கள் கழித்துத் தீர்ப்பாயத்தில் வாசிக்கப்படுவது அந்தக் குறிப்புத்தான்.

விசா போய்விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பார்னவார்ன் விசாரணை வந்ததால் மட்டும் வதிவிட அனுமதி போகாது. பொலிஸ் வழக்காகித் தண்டனை வந்தால் நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டி வரலாம்.

உங்கள் கடைசி வரி

"இவரும் கோபம் வந்தால் கை நீட்டுவார், அது எங்களுக்குள்ள விஷயம், எழுத வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். எழுதியது நல்லது. இதை வெளியிடலாமா என்று உங்களிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் இங்கே சேர்க்கிறேன்.

சகோதரி, இந்த வழக்கில் எனக்கு அதிகம் கவலை தருவது அகப்பைக்காம்பு அல்ல, இதுதான். தாய் அடி வாங்குவதைப் பார்ப்பதும் கேட்பதும் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு என்றே இங்கே கொள்வார்கள். புதன்கிழமை இதைக் கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் மறைத்து, மகன் சொல்லிவிட்டால், பிள்ளையைக் காப்பாற்றாத தாய் என்று எழுதிவிடுவார்கள். அடி வாங்கியவரும் நீங்கள், பழி சுமப்பவரும் நீங்கள் என்றாகும். இந்த நாட்டில் மகனுக்கு இருக்கும் அதே உரிமை உங்களுக்கும் உண்டு: ஒருவரும் உங்கள்மேல் கை வைக்கக் கூடாது.

"இவரை விட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று நினைக்கிறீர்கள். குடும்ப இணைப்பில் வந்தவரோ அவரது பிள்ளைகளோ அந்த உறவில் துன்புறுத்தப்பட்டிருந்தால், உறவு முறிந்த பிறகும் சொந்தப் பெயரில் வதிவிட அனுமதி கேட்கும் உரிமையைக் குடிவரவுச் சட்டம் தருகிறது. நிரந்தர வதிவிடத்துக்கான மூன்று ஆண்டு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நகரசபையும் பெண்களுக்கான நெருக்கடிகால இல்லத்துக்கு ஒழுங்கு செய்ய வேண்டும், பிள்ளைகளோடு போகலாம், பணம் இல்லை. அங்கே வேலை செய்பவர்களுக்கும் பார்னவார்னுக்கு அறிவிக்கும் கடமை உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள். உங்கள் வழக்கு ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால், பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போன தாய் என்று எழுதப்படுவது உங்களுக்கு நன்மைதான். பொலிஸில் முறையிடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் கட்டத்திலேயே இலவசமாக ஒரு சட்டத்தரணியோடு பேசலாம். அந்தப் பேச்சு அவரோடு நிற்கும். பொலிஸுக்குப் போகும்படி உங்களை நான் தள்ளவில்லை. அந்த முடிவு உங்களுடையது.

"இருவருக்கும் ஒரே சட்டத்தரணி போதும், காசு மிச்சம்" என்று கணவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நலனும் அவர் நலனும் இதில் ஒன்றல்ல. முடிந்தால் சந்திப்பையும் தனித்தனியே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி எண் 116 006இல் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம். எடுத்ததும் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். உங்கள் கைபேசியைக் கணவரும் பார்ப்பவர் என்றால் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணையும், எனக்கு எழுதிய மின்னஞ்சலையும் அழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டிப் பகுதியிலிருந்தும். இனி எனக்கு எழுதுவதென்றால் நூலகக் கணினியிலிருந்து எழுதுங்கள்.